குமாவோன் மலையின் நீர்க்கோயில்கள்

கோயில் உள்ள இடத்திற் கேணியும் உடனிருக்கும் என்பது நாம் யாவரும் அறிந்ததே. ஆயின், நீர்நிலையே கோயிலாய் அமைந்த நாடொன்று இமயமலைச் சாரலில் உண்டு. இந்தியாவின் உத்தராகண்ட மாநிலத்தின் கிழக்குப் பகுதியாகிய குமாவோனே அந்நாடு. அங்கே மலைக் கிராம மக்கள் பல நூற்றாண்டுகளாய்த் தண்ணீர் மொண்டு வந்த சிறு கற்கட்டடத்துக்கு நௌலா என்று பெயர். அதன் வரலாறு நாம் அறிந்து பயன்கொள்ள வேண்டிய ஒன்றாகும்.

மலைநாட்டில் ஆறு பள்ளத்தாக்கின் அடியில் ஓடும். ஊரோ மேலே சரிவில் இருக்கும். அவ்வளவு உயரத்துக்கு நீர் சுமப்பது எளிதன்று. ஆதலின், மழைநீர் மண்ணுள் இறங்கிப் பாறையிடுக்கு வழியே கசியும் இடங்களை முன்னோர் தேடிக் கண்டனர். அங்கே நிலத்தைத் தோண்டி, மேலே அகன்றும் கீழே குறுகியும் செல்லுமாறு படிப்படியாய்க் கல்லடுக்கித் தொட்டி அமைத்தனர். அக்கற்களின் இடையே சாந்து பூசவில்லை. அவ்விடுக்குகளே நீர் ஊறிவரும் வாயில்கள் அன்றோ! மூன்று புறமும் சுவரெழுப்பி, கற்பலகைகளாற் கூரையிட்டு, ஒரு புறம் மட்டும் வழிவிட்டனர். வெயிலும் சருகும் படாமையால் நீர் குளிர்ந்தும் தெளிந்தும் இருந்தது.

கத்யூரி அரசரும், அவர்க்குப் பின் சந்த் அரசரும் ஆண்ட காலங்களில் இவை பெருகின. கங்கோலிஹாட்டிலுள்ள ஜாஹ்னவி நௌலா 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல நௌலாக்களின் சுவரிலே திருமாலின் உருவம் காணப்படும். புகுந்த வீட்டுக்கு வந்த மணமகள் நௌலாவுக்குச் சென்று நீரை வணங்குதல் அந்நாட்டு வழக்கம். தாம் குடிக்கும் நீரைத் தெய்வமென மதித்தவர் அதனை அசுத்தப்படுத்தத் துணிவரோ?

சம்பாவத்துக்கு அண்மையில் 'ஒரு கையனின் நௌலா' என ஒன்றுண்டு. தனக்குக் கோயில் கட்டிய சிற்பி வேறெங்கும் அதுபோற் கட்டலாகாதென்று மன்னன் அவன் கையைத் துணித்தான் என்றும், எஞ்சிய ஒரு கையாலேயே சிற்பி இந்நௌலாவைச் செதுக்கினான் என்றும் ஊரார் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், உண்மையொன்றை நாம் மறைத்தல் தகாது. கல்லைச் செதுக்கிய சிற்பக் குலத்தார் தீண்டத்தகாதவராய் எண்ணப்பட்டு, பல ஊர்களில் மேற்சாதியாரின் நௌலாவில் நீர் மொள்ளத் தடுக்கப்பட்டனர். பழமையைப் போற்றும் நாம், அதன் பெருமையோடு அதன் பிழையையும் அறிதல் வேண்டும். பாதுகாக்க வேண்டியது நீரையேயன்றி வேலியை அன்று.

1815இல் குமாவோன் கிழக்கிந்தியக் கொம்பனியின் கைக்கு வந்தது. பிற்காலத்திற் காடுகள் அரசுடைமையாயின. ஓக் மரக் காட்டின் உக்கிய இலைப் படுக்கை மழைநீரை உறிஞ்சி மெல்ல மெல்ல நிலத்துள் விடும். ஆயின் மரத்துக்கும் பிசினுக்குமாகப் பைன் மரமே விரும்பி வளர்க்கப்பட்டது. 1921இல் மக்கள் கிளர்ந்தெழுந்து தீயிட்டபோது எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகளே. தமக்கு நீர் தருவது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்! சுதந்திரத்துக்குப் பின் குழாய்நீர் வந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்று நீர்நிலைகளின் மேற் கிராமங்களுக்கிருந்த வழக்குரிமையை அரசிடம் சேர்த்தது. உரிமை போகவே, பராமரிப்பும் தளர்ந்தது. இமயப் பகுதியின் ஊற்றுகளில் ஏறக்குறையப் பாதி வற்றியோ, மழைக்காலத்தில் மட்டும் சுரப்பனவாகியோ விட்டன என்று இந்திய அரசின் நிதி ஆயோக் 2018இல் அறிவித்தது. குழாய் வறண்ட நாளிற் குடத்தோடு நெடுந்தூரம் நடப்பவர் பெண்களே.

நௌலாவைக் காக்க முயன்றோருட் சிலர் நன்மை கருதியே தீமை செய்தனர். பழங்கல்லைப் பெயர்த்துவிட்டு அடியிலும் சுவரிலும் சீமெந்து பூசினர். கட்டடம் பொலிந்தது, ஊற்றுக்கண் அடைபட்டது, நீர் நின்றது. மாறாக, அயலிலுள்ள கட்வால் பகுதியின் உஃப்ரைன்கால் என்னும் ஊரிற் பாடசாலை ஆசிரியராயிருந்த சச்சிதானந்த பாரதி மலையையே நோக்கினார். 1980கள் தொடக்கம் கிராமப் பெண்களோடு கூடி, மழைநீர் தங்கச் சரிவுகளில் ஆயிரக்கணக்கான சிறு குழிகளை வெட்டி மரங்களை நட்டார். வறண்டு கிடந்த ஓடை மீண்டும் ஓடிற்று. அதற்கு மக்கள் 'காட்கங்கா' எனக் கங்கையின் பெயரையே இட்டனர்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? நௌலாவின் உயிர் கல்லில் இல்லை. மேலே உள்ள மலையிலும், அதைப் பேணும் மக்களிடத்திலும் உள்ளது. கல்லை மட்டும் காப்பவர் வெறுங்கூட்டையே காப்பவராவர். திருப்பணி என்றதும் கோபுரத்துக்கு வர்ணம் தீட்டுவதையே நினைக்கும் நாம், கேணிக்கு நீர் வரும் வழி திறந்திருக்கின்றதா என்று பார்த்ததுண்டா? அவ்வழியை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உளர். இளைஞர்காள்! அவர்கள் இருக்கும்போதே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மண்வெட்டி எடுத்துச் செல்லும் நாளும் தானே வரும்.