கடலுக்கு அப்பால் உள்ள நோயாளி: அந்தமானும் அவசர மருத்துவக் கல்வியும்

அவசர மருத்துவம் நகரத்தில் உருப்பெற்ற துறை. அதற்கான முதல் பட்டமேற்படிப்புப் பயிற்சி 1970இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்திய மருத்துவ மன்றம் இத்துறையை 2009இல் அங்கீகரித்தது. இரு நாடுகளிலும் பயிற்சிக் களமாக அமைந்தது, ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் பெருமருத்துவமனையின் வாசலே.

அந்த வாசலை அடையக் கடல் கடக்க வேண்டியவர்கள் அந்தமான் நிக்கோபார் மக்கள். 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 3.8 லட்சம் பேர். கார் நிக்கோபாரிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 270 கி.மீ.; அங்கிருந்து சென்னை சுமார் 1,200 கி.மீ. மேல்சிகிச்சைக்கு அனுப்பக் கப்பலோ ஹெலிகாப்டரோ வேண்டும். வானிலை கெட்டால் இரண்டுமே நின்றுபோகலாம். 'பொன்னான ஒரு மணி நேரம்' என்னும் பாடம் இங்கே பொருளிழக்கிறது. நோயாளியின் உயிரை ஒரு பகலும் இரவும் தாங்கிப்பிடிக்கும் திறனே தீவு மருத்துவருக்குத் தேவை.

1988 முதல் வட அந்தமானில் நுரையீரலில் இரத்தக்கசிவுடன் ஒரு காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயரிடப்பட்ட அது எலிக்காய்ச்சலே என்பது 1993இல்தான் உறுதியானது. தொடக்கத்திலேயே அறிந்தால் பென்சிலினுக்குக் கட்டுப்படக்கூடிய நோய் அது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளத்தைச் சிதைத்தது. உதவி சென்றடைய வேண்டிய வழியே முதலில் அடிபட்டது.

பாம்புக்கடியும் இதையே உணர்த்துகிறது. இந்திய நச்சுமுறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படுவது. விரியன்களில் அந்தமானில் காணப்படுபவை குழிவிரியன்களே. அங்குள்ள நாகமும் தனி இனம். பெருநிலத்தின் சிகிச்சை நெறியை மனப்பாடம் செய்து வருபவர் இங்கே புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

2015இல் போர்ட் பிளேரில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2020இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணியைக் கட்டாயமாக்கின. முப்பத்தாறு மாதப் படிப்பில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. எஞ்சிய காலம் பெருமருத்துவமனைக்கே உரியது. ஊரக மருத்துவத்தை நகரக் கல்வியின் பின்னிணைப்பாக வைத்திருக்கும் வரை, தீவுக்கு வரும் மருத்துவர் தம் முதல் பாடங்களை நோயாளியின் உயிரை வைத்தே கற்பார். அந்தமானின் வரலாறு வேண்டுவது, தொலைவையே முதல் அத்தியாயமாகக் கொள்ளும் ஒரு பாடத்திட்டத்தை.