பென்சிலில் எழுதிய ஒரு மனு

அமெரிக்க நீதிமன்றம் என்றால் ஹாலிவுட் படங்களில் கோட் சூட்டுடன் வாதாடும் வக்கீல்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். ஆனால் அங்கே ஏழைக்கு வக்கீல் கிடைத்த கதை வேறு!

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். போலீஸ் கைது செய்யும். வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர். குற்றத்தை மறுப்பவர் ஜூரி விசாரணை கேட்கலாம். குற்றவாளியா இல்லையா என்பதை ஜூரி சொல்லும். தண்டனையைப் பெரும்பாலும் நீதிபதி தீர்மானிப்பார். மத்திய அரசுக்கு ஒரு நீதிமுறை, 50 மாநிலங்களுக்கும் தனித்தனி நீதிமுறை.

வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை 1791-லேயே அரசியல் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. பணம் இல்லாதவர் என்ன செய்வார்? எல்லா வழக்குகளிலும் மாநிலங்கள் வக்கீல் தர வேண்டியதில்லை என்று 1942-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஹியூகோ பிளாக் அதை ஏற்காமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

1961-ல் ஃப்ளோரிடா மாநிலம் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் திருட்டு நடந்தது. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை கைதானார். வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டுமே அரசு வக்கீல் தரும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். அன்றைய சட்டப்படி அது சரிதான். கிடியன் தனக்குத் தானே வாதாடித் தோற்றார். ஐந்தாண்டு சிறை!

1962-ல் சிறையிலிருந்தபடியே பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றனர். கடுங்குற்ற வழக்குகளில் வசதியற்றவருக்கு மாநிலமே வக்கீல் தர வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பை எழுதியவர் அதே ஹியூகோ பிளாக்.

ஆகஸ்டில் மறுவிசாரணை நடந்தது. அதே குற்றச்சாட்டு, அதே நீதிபதி. இம்முறை வக்கீல் இருந்தார். முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணையில் திணறடித்தார். சுமார் ஒரு மணி நேரத்தில் ஜூரி கிடியனை விடுவித்தது. ஆனால் அதற்குள் இரண்டாண்டுகள் சிறையில் போய்விட்டன.

இன்று அமெரிக்காவில் தண்டனை பெறுவோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஜூரியைப் பார்ப்பதே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையைக் குறைக்க அரசு வழக்கறிஞரிடம் பேரம் பேசுகிறார்கள். அந்தப் பேரத்திலும் திறமையான வக்கீலின் உதவி உரிமையே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயினும் பல மாநிலங்களில் ஒரே அரசு வக்கீலின் தலையில் ஏராளமான வழக்குகள். கிடியன் கேட்ட உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. அதற்கான நேரமும் பணமும் இன்னும் முழுதாக வரவில்லை.