முற்றமும் உண்ணியும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியை முன்வைத்து உண்ணிக் கட்டுப்பாட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழக ஊர்ப்புற வீடுகளில் உண்ணியைக் கட்டுப்படுத்தும் முறைகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. மரபு வழக்கம் விலங்கோடு அது தங்கும் இடத்தையும் சேர்த்துப் பேணியது. இருபதாம் நூற்றாண்டின் வேதிமருந்துகள் கவனத்தை விலங்கின் உடல்மீது குவித்தன. உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை விலங்கின் உடலுக்கு வெளியே கழிப்பதால், இடத்தைப் பேணாத கட்டுப்பாடு நிலைப்பதில்லை. தொழில்மயமான திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் இடத்தைப் பேணும் பொறுப்பு சிதறியிருப்பதே இன்றைய சிக்கல் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: உண்ணி, முற்றம், மாட்டுக்கொட்டகை, மேய்க்கால், மூலிகை மருத்துவம், திருப்பெரும்புதூர், ஒரகடம்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் ஏரிப்பாசனத்தையும் கால்நடையையும் நம்பி வாழ்ந்த நிலப்பகுதி. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் – நிசான் ஆலை திறக்கப்பட்டது. இம்மாற்றம் நிலவிலை, வேலைவாய்ப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றின் வழியாகவே பெரிதும் பேசப்படுகிறது. வீட்டு முற்றத்தில் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் முறை மாறியதை உண்ணி என்னும் சிற்றுயிரின் வழியாகவும் காணலாம்.

1. சொல்லும் உயிரியும்

‘உண்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த ‘உண்ணி’, குருதியை உண்டு வாழும் உயிரியைக் குறிக்கிறது. மாட்டுண்ணி, நாயுண்ணி என விலங்கின் பெயரோடும் அது வழங்குகிறது. மாடுகளைத் தொடர்ந்து திரியும் கொக்கிற்கு ‘உண்ணிக்கொக்கு’ என்று பெயர். அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய லாந்தானாவைத் தமிழர் ‘உண்ணிச்செடி’ என்றனர். அயல்நிலத்துச் செடிக்குக்கூட இப்பெயர் அமைந்தமை, உண்ணி அன்றாட வாழ்வில் எவ்வளவு அறிமுகமாக இருந்தது என்பதைக் காட்டும்.

இன்று இச்சொல்லில் ஒரு மயக்கமும் சேர்ந்துள்ளது. ‘ஸ்கரப் டைபஸ்’ நோயைத் தமிழ் நாளிதழ்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகின்றன. அந்நோயைப் பரப்புவது உண்ணியன்று. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் சிற்றுண்ணியின் இளவுயிரி. எலிகளைச் சார்ந்து வாழும் அதன் வாழிடம் வேறு; சுவர்வெடிப்பில் முட்டையிடும் நாயுண்ணியின் வாழிடம் வேறு. பெயர் ஒன்றாகிவிட்டால், புதரை அகற்ற வேண்டியவர் நாய்க்கு மருந்திட்டு ஓய்வர். சுவரை அடைக்க வேண்டியவர் புல்லை வெட்டி ஓய்வர்.

2. கொட்டகையும் மந்தைவெளியும்

ஊர்நிலம் நத்தம், மேய்க்கால், மந்தைவெளி எனப் பகுக்கப்பட்டிருந்தது. கால்நடைகள் பகலில் மேய்க்காலுக்குச் சென்று, மாலையில் வீட்டுக் கொட்டகைக்குத் திரும்பின. இம்முறையில் உண்ணியைக் கட்டுப்படுத்தும் வேலை பல சிறு வழக்கங்களாகப் பிரிந்திருந்தது. மாட்டைக் குளிப்பாட்டும்போது உண்ணியைக் கையால் பிடுங்கித் தீயிலிடுவர். கோழிகள் முற்றத்தில் விழும் உண்ணியைக் கொத்தித் தின்னும். சாணம் நாள்தோறும் அள்ளப்பட்டு எருக்குழிக்குச் செல்லும். மாலையில் வேப்பிலைப் புகை போடப்படும். பொங்கலையொட்டிச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்படும்.

இவை அனைத்தும் உண்ணியை ஒழிக்கவே தோன்றின என்று கொள்வது மிகையாகும். சுண்ணாம்பு அடித்தல் விழாவுக்குரியது. புகை முதன்மையாக ஈக்களுக்கும் கொசுக்களுக்கும் எதிரானது. எனினும் வெடிப்பு அடைபடுவதும் கழிவு அகலுவதும் உண்ணி முட்டையிடும் இடத்தைக் குறைத்தன. நோக்கம் வேறாயினும் பயன் இதற்கும் சேர்ந்தது.

3. அறிவியல் கண்டறிதலும் வேதிமருந்தும்

உண்ணி நோய் பரப்பும் என்பது 1893இல் நிறுவப்பட்டது. தியோபால்டு ஸ்மித், எஃப். எல். கில்போர்ன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் மாடுகளின் டெக்சஸ் காய்ச்சலை உண்ணி பரப்புவதை மெய்ப்பித்தனர். அமெரிக்காவில் 1906இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று, மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்குதல். மற்றொன்று, மேய்ச்சல் நிலத்தை மாடின்றி விட்டு உண்ணியைப் பட்டினியிடுதல். அதாவது உடல், இடம் ஆகிய இரண்டும் கருதப்பட்டன.

சென்னையில் 1944இல் முதலியார் என்பவர் நாய்களில் எர்லிக்கியா நோயைப் பதிவு செய்தார். நாயுண்ணி பரப்பும் இந்நோய் குறித்த இந்தியாவின் முதல் பதிவாக அது கருதப்படுகிறது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. காட்டில் மேய்ந்த மாடுகள் அங்கு உண்ணிப் பெருக்கத்துக்குத் துணைநின்றன. அது மலைக்காடு சார்ந்த நோய். காஞ்சிபுரச் சமவெளிக்கு உரியதன்று. எனினும் நிலப்பயன்பாடு மாறும்போது உண்ணியின் வழிகளும் மாறும் என்பதை அது உணர்த்தியது.

இதே காலத்தில் டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பூச்சிக்கொல்லிகளும் பின்னர் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ், ஐவர்மெக்டின் ஆகியவையும் புழக்கத்துக்கு வந்தன. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியோடு ஜெர்சி, பிரீசியன் கலப்பினங்கள் பெருகின. நாட்டு மாடுகளுக்கு உண்ணியை எதிர்க்கும் இயல்பு கூடுதல். கலப்பினங்களுக்கு அது குறைவு. எனவே மருந்தின் தேவை வளர்ந்தது. மாட்டின் முதுகில் மருந்து தெளிப்பதே கட்டுப்பாடு என்னும் எண்ணம் வேரூன்றியது. தொடர் பயன்பாட்டால் மருந்தை எதிர்க்கும் மாட்டுண்ணிகள் இந்தியாவின் பல பகுதிகளில் தோன்றின.

4. இடத்தை நோக்கிய மீள்பார்வை

நாயுண்ணி மூன்று பருவங்களிலும் குருதி குடித்தபின் நாயைவிட்டு இறங்குகிறது. பெண் உண்ணி சுவர்வெடிப்பிலும் தரையிடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. தைலேரியா நோயைப் பரப்பும் ஹயலோமா உண்ணியும் கொட்டகை வெடிப்புகளில் தங்குகிறது. இவை உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழக் கூடியவை. நாய்க்கு மட்டும் மருந்திட்டால், சில வாரங்களில் புதிய உண்ணிகள் ஏறுவதன் காரணம் இதுவே.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ந. புண்ணியமூர்த்தி முன்னெடுத்த மரபுசார் மூலிகை மருத்துவம் இவ்விடத்தில் கருதத்தக்கது. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றில் ஒவ்வொரு கைப்பிடி சேர்த்து அரைத்து, 1 லிட்டர் நீரில் கலந்து வடிகட்டி மாட்டின்மீது தெளிப்பது அம்முறை. கொட்டகையின் வெடிப்புகளிலும் அதே கரைசலைத் தெளிக்க வேண்டும் என்பதே அதன் தனிச்சிறப்பு. உண்ணிச்செடி இலை மாட்டின் வயிற்றுக்குள் சென்றால் நஞ்சாகும். எனவே இது மேற்பூச்சு மட்டுமே.

5. தொழிற்பகுதியின் முற்றம்

தொழிற்பேட்டைகள் விரிந்தபோது மேய்ச்சலிடம் சுருங்கியது. மாடுகள் சாலையோரத்துக்கும் காலிமனைகளுக்கும் நகர்ந்தன. வீட்டு முற்றங்களில் தொழிலாளருக்கான வாடகை அறைகள் வரிசையாக எழுந்தன. ஒரே வளாகத்தில் உரிமையாளரின் மாடும், தெருநாயும், வெளிமாநிலத் தொழிலாளரின் அறையும் அடுத்தடுத்து அமைகின்றன. மாட்டுக்கு மருந்திடுபவர் உரிமையாளர்; அறைச்சுவரின் வெடிப்பை அடைக்கும் உரிமை வாடகையாளருக்கு இல்லை; தெருநாய்க்குப் பொறுப்பாளர் எவருமில்லை; பக்கத்துக் காலிமனை நிலவிலை உயரக் காத்திருக்கிறது. முன்பு ஒரே குடும்பம் செய்த வேலை நான்கு பேரிடம் சிதறியிருக்கிறது. ஆனால் கடிபடுபவர் பெரும்பாலும் தரையில் பாய்விரித்து உறங்கும் வாடகையாளரே.

கட்டுப்பாட்டின் கூறுகள் அரியவை அல்ல. வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்தல், எருக்குழியை வீட்டைவிட்டுத் தள்ளி அமைத்தல், புதரையும் புல்லையும் வெட்டுதல், வளாகத்தின் எல்லா விலங்குகளுக்கும் அவை தங்கும் இடத்துக்கும் கால்நடை மருத்துவர் அறிவுரைப்படி ஒரே நாளில் மருந்திடுதல், பொரிக்கும் முட்டைகளைக் கருதி அதை மீளச் செய்தல் ஆகியவை போதுமானவை. இவற்றுள் மருந்திடுதல் தவிர ஏனையவை இடம் சார்ந்தவை; அனைத்தும் கூட்டாகச் செய்யப்பட வேண்டியவை.

முடிவுரை

மரபு முறை முழுமையானது என்றோ, வேதிமருந்து தேவையற்றது என்றோ இவ்வரலாறு காட்டவில்லை. கையால் பிடுங்குதல் இன்றைய கலப்பினப் பண்ணைக்குப் போதாது. ஆனால் உண்ணி விலங்கின் நோயாக மட்டுமன்றி இடத்தின் நோயாகவும் கருதப்பட்டபோதே கட்டுப்பாடு நிலைத்தது. திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் இழக்கப்பட்டது மருந்தறிவு அன்று. முற்றத்தை ஒன்றாகக் கண்டு பேணிய பொறுப்பு. அப்பொறுப்பை வீட்டு உரிமையாளர், ஊராட்சி, கால்நடை மருந்தகம் ஆகியோரிடையே பகிர்ந்தளிப்பதற்கான வழிகளைக் களஆய்வின் மூலம் கண்டறிவது அடுத்தகட்ட ஆய்வுக்குரியது.