அண்ணல் விட்ட வேலைகளும் பிடித்த வேலைகளும்

போன மாதம் ஒரு தங்கை போன் செய்தாள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறாள். நிரந்தரப் பணி. அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான். "அக்கா, 11 மாத கான்ட்ராக்ட்ல கள ஆய்வு வேலை ஒண்ணு கிடைக்கும் போல. வன்கொடுமை வழக்குகளை ஆவணப்படுத்துற வேலை. இதை ராஜினாமா பண்ணிட்டுப் போகலாமா? அம்மாகிட்ட சொன்னா உயிரையே விட்டுரும்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "பாபாசாகேப் எல்லா வேலையையும் தூக்கி எறிஞ்சுட்டுத்தானேக்கா வந்தாரு?"

இந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. நம் மேடைகளில் அண்ணல் வேலைகளைத் தூக்கி எறிந்தவராகத்தான் வருகிறார். எந்த வேலையை எப்போது விட்டார், விட்டாரா விரட்டப்பட்டாரா, அடுத்த வேலையை எப்படித் தேடினார், அதுவரை வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்றெல்லாம் நாம் பேசுவதில்லை. பேசியிருந்தால் அந்தத் தங்கை கேள்வியை வேறு மாதிரி கேட்டிருப்பாள்.

பரோடாவிலிருந்து தொடங்குவோம். மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் 1913ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் அம்பேத்கர். படித்து முடித்ததும் 10 ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்றைய கணக்கில் படிக்கும்போதே பணி உறுதி. 1917ல் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பியவர், பரோடாவில் பணியில் சேர்ந்தார். மன்னரின் ராணுவச் செயலாளர் பதவி. நிதி அமைச்சர் வரை போகலாம் என்ற பேச்சும் இருந்தது.

ஆனால் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்கினார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளைத் தூர நின்று மேசை மீது வீசினார்கள். 11ஆம் நாள் காலை ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியோடு விடுதி வாசலில் வந்து நின்றார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, இன்னொருவர் பிராமணராக இருந்து கிறித்தவரானவர். இருவரும் கைவிரித்தார்கள். இரவு ரயில் வரும்வரை பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ஏறினார். பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் இதை அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். படிக்காதவர்கள் கட்டாயம் படியுங்கள்.

இதை வேலையை விட்டார் என்று எழுதுவது நியாயமா? ஆணை கைக்கு வந்துவிட்டது, சம்பளம் உண்டு, நாற்காலி உண்டு. ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும் ஆளுக்கு ஊரில் படுக்க ஒரு பாயும் இடமும் கிடையாது. நிரந்தர வேலை என்பது பணி ஆணை மட்டும் அல்ல என்பதை நம் ஆட்களில் முதலில் சம்பளக்காரர் ஆன எல்லோருமே ஏதோ ஒரு வாடகை வீட்டு வாசலில் கற்றுக்கொண்டிருக்கிறோம். நானும்தான்.

பம்பாய் திரும்பியவர் கைக்குக் கிடைத்ததைச் செய்தார். தனிப்பாடம் எடுத்தார், கணக்கு எழுதினார். பங்குச் சந்தையில் இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றும் தொடங்கினார். பொருளாதாரத்தில் இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவரின் ஆலோசனை என்பதால் ஆட்களும் வந்தார்கள். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் போய்விட்டார்கள், தொழில் படுத்தது. இன்று ஃப்ரீலான்ஸ் என்கிறோமே, அண்ணலின் முதல் ஃப்ரீலான்ஸ் முயற்சி இப்படித்தான் முடிந்தது. சந்தைக்குச் சாதி தெரியாது, திறமை இருந்தால் போதும் என்று மேடையேறிப் பேசுபவர்களிடம் இந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும்.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். 450 ரூபாய் சம்பளம். அன்றைக்குப் பெரிய தொகை. ஆனால் அது 2 ஆண்டுகளுக்கான தற்காலிகப் பணி. அங்கேயும் ஆசிரியர்களின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. 1920 ஜனவரி 31ல் 'மூக்நாயக்' இதழ் தொடங்கியபோது ஆசிரியர் என்று அவர் பெயர் வரவில்லை. அரசுக் கல்லூரிப் பேராசிரியர் பத்திரிகை நடத்த முடியாது. அதனால் பாண்டுரங் நந்த்ராம் பட்கர் பெயரில் இதழ் வெளிவந்தது. ஊமைகளின் தலைவன் என்று பெயர் வைத்த பத்திரிகையில், அதைத் தொடங்கியவர் பெயரை மட்டும் வாய் திறந்து சொல்ல முடியவில்லை.

அடுத்த மார்ச்சில் பதவியை விட்டார். இதுதான் அவரே முடிவெடுத்து விட்ட வேலை. எப்படி விட்டார் என்று பாருங்கள். சம்பளத்தில் சிக்கனமாகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார். இந்த மூன்றையும் திரட்டிக்கொண்டுதான் பாதியில் விட்ட லண்டன் படிப்பை முடிக்கக் கப்பல் ஏறினார். அதில் ஆவேசமும் இருந்தது, கூடவே ஒரு கணக்கும் இருந்தது. நாம் ஆவேசத்தை மட்டும் சுவரொட்டியில் அச்சடித்துவிட்டோம்.

1923ல் பாரிஸ்டராகத் திரும்பினார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பெரிய வழக்குகள் பாரிஸ்டரிடம் நேராக வருவதில்லை. இடையில் சொலிசிட்டர் இருப்பார். அவர்தான் வழக்கைப் பிரித்துக் கொடுப்பவர், அவரோ மேல்சாதிக்காரர். தீண்டப்படாத பாரிஸ்டருக்கு யார் கொடுப்பார்கள்? மாவட்ட நீதிமன்றங்களிலிருந்து வந்த சிறு வழக்குகளை எடுத்தார். அது போதாமல் 1925 ஜூன் முதல் 1928 மார்ச் வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்தார், பகுதிநேரமாக. 1928 ஜூனில் அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும்.

இப்போது அதே ஆண்டுகளின் இன்னொரு பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1924 ஜூலையில் பகிஷ்கிரித் ஹிதகாரிணி சபை. 1926ல் பிராமணரல்லாதார் இயக்கத்தவர் மீது போடப்பட்ட அவதூறு வழக்கில் அவர்களுக்காக வாதாடி வெற்றி. 1927 மார்ச்சில் மகாத் சவுதார் குளம். ஏப்ரலில் 'பகிஷ்கிரித் பாரத்', இம்முறை ஆசிரியர் என்று அவர் பெயரோடே. டிசம்பரில் மனுஸ்மிருதி எரிப்பு. அரசுப் பேராசிரியராக இருந்திருந்தால் இதில் எத்தனை நடந்திருக்கும்? அவருடைய நேரம் அவரிடம் இருந்தது. அதற்கு விலையாகத்தான் மாதம் எவ்வளவு வரும் என்று தெரியாத வாழ்க்கையை எடுத்துக்கொண்டார்.

விலையைக் கொடுத்தவர் அவர் மட்டும் இல்லை. அவர் லண்டனில் இருந்த 3 ஆண்டுகளும் அவர் விட்டுப்போன சொற்பப் பணத்தில் வீட்டை நடத்தியவர் ரமாபாய். பரேலில் ஆலைத் தொழிலாளர்கள் இருந்த சால் குடியிருப்பில், சின்ன அறைகளில். பெற்ற 5 குழந்தைகளில் தங்கியது யஷ்வந்த் ஒருவர்தான். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926 ஜூலையில், அதாவது மேலே சொன்ன பட்டியலின் நடுவில் இறந்தான். ரமாபாய் 1935ல் காலமானார். பாகிஸ்தான் பற்றிய தம் நூலை அண்ணல் அவருக்குக் காணிக்கையாக்கி, அந்த வறுமை நாட்களை அவர் பொறுத்துக்கொண்டதை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். நம் கூட்டங்களில் வேலையை விட்டு வந்த தோழருக்குக் கைதட்டுகிறோம். அவர் வீட்டில் ரேஷன் கடைக்குப் போகிறவருக்கு நாம் தட்டியதில்லை.

இன்னொரு விஷயம் இங்கே சேர வேண்டும். 1928 மார்ச் 19ல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார், 1874ஆம் ஆண்டின் பரம்பரைப் பதவிகள் சட்டத்தைத் திருத்துவதற்காக. மகார் வதன் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் ஊர் வேலை. தகவல் சொல்லப் போவது, வரி வசூலுக்கு ஆள் கூட்டுவது, அதிகாரி வந்தால் ஏவலுக்கு நிற்பது, நேரம் காலம் கிடையாது. கூலியாகக் கொஞ்சம் நிலமும் வீட்டுக்கு வீடு வாங்கும் தானியமும். நம் ஊர்த் தோட்டி, வெட்டியான் வேலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப்போனால் இந்த நாட்டில் நமக்கு மிக உறுதியாக ஒதுக்கப்பட்ட நிரந்தர வேலை அதுதான். ராஜினாமா செய்யவே முடியாதது.

அந்த மசோதா என்ன கேட்டது? விருப்பப்பட்டவர்கள் ஊழியத்திலிருந்து விடுபடலாம், முழு வரி கட்டி நிலத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று வரையறுக்க வேண்டும். அதாவது போகிறவரையும் வெறுங்கையோடு அனுப்பாதே, இருக்கிறவரையும் அடிமையாக வைக்காதே. மசோதா தேர்வுக் குழுவில் சிதைந்தது, 1929ல் அதைத் திரும்பப் பெற்றார். வதன் முறை ஒழிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தபோது நமக்குள்ளேயே ஒரு வாதம் எழுந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களைப் பணி நிரந்தரம் செய் என்றார்கள் அவர்கள். குப்பை அள்ளும் வேலையில் நிரந்தரம் கேட்பது சாதித் தொழிலையே நிரந்தரமாக்குவதாகாதா என்று நம் தரப்பில் சிலர் கேட்டார்கள். கேள்வி மேலோட்டமானதல்ல. ஆனால் வதன் மசோதாவைப் படித்தவர்களுக்கு அதில் உள்ள ஓட்டை தெரியும். அண்ணல் விடுதலையை மறுகையில் நிலத்தோடு கேட்டார். இங்கே அந்தப் பெண்களின் மறுகையில் எதையும் வைக்காமல் இருப்பதையும் தனியாரிடம் விட்டுவிடச் சொன்னால், அந்தத் தொழில் ஒழியாது. அதே துடைப்பம், அதே கை, குறைந்த கூலி. எங்கள் பகுதியில் ஒரு அம்மா சொன்னார்: "எம் பொண்ணு இதைத் தொடக் கூடாதுன்னுதான் எனக்கு பர்மனென்ட் கேக்குறேன்." எனக்கு அதற்கு மேல் வாதம் கிடைக்கவில்லை.

நிரந்தரப் பணியிடம் ஒன்று மறையும்போது அதோடு இட ஒதுக்கீட்டு இடமும் மறைகிறது. ஏஜென்சி மூலம் எடுக்கும் ஆட்களுக்கு இனச்சுழற்சி கிடையாது. முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர், ஆண்டுக்கணக்கில் உழைத்தார் என்பதற்காக மட்டும் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று 2006ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அண்ணல் 1920களில் தம் நேரத்துக்காகத் தேர்ந்துகொண்ட நிச்சயமின்மை இன்று நம் பிள்ளைகளுக்குக் கேட்காமலே வழங்கப்படுகிறது.

கான்ஷிராமையும் பலர் உதாரணம் காட்டுவார்கள். புனே வெடிபொருள் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அங்கே அம்பேத்கர் ஜெயந்தி, புத்த ஜெயந்தி விடுமுறைகளை ரத்து செய்தபோது எதிர்த்து நின்றவர் தீனாபானா என்ற கடைநிலை ஊழியர். அவரை இடைநீக்கம் செய்தார்கள். அவர் பக்கம் நின்ற கான்ஷிராம் பின்னர் வேலையையே விட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். விட்டு வந்தவர் முதலில் யாரைத் திரட்டினார்? வேலையை விடாதவர்களை. 1978 டிசம்பர் 6ல் தொடங்கிய பாம்செஃப், பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைச் சமூக அரசு ஊழியர்களின் அமைப்பு. அவர்களுடைய மாதச் சம்பளத்திலிருந்து வந்த பணத்தில்தான் சைக்கிள் ஓடியது, பத்திரிகை அச்சானது. எல்லோரும் அவரைப் போல ராஜினாமா செய்திருந்தால் பாம்செஃப் என்று ஒன்றே இருந்திருக்காது.

என் கதை ஒரு பத்தியில் முடியும். நானும் 29 வயதில் நிரந்தர வேலை ஒன்றை விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள். முதல் சம்பளம் நாலாவது மாதம்தான் வந்தது. அதுவரை அம்மாவின் கம்மல் அடகுக் கடையில் இருந்தது. அதை நான் மீட்டது மறு வருஷம். வருத்தப்படுகிறேனா என்றால் இல்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டு விட்டேனா என்றால் அதுவும் இல்லை, அதுதான் உறுத்துகிறது.

அந்தத் தங்கைக்கு நான் போகலாம், போக வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை. மூன்று விஷயம் கேட்டேன். கையில் எத்தனை மாத வாடகை இருக்கிறது? சங்கத்தில் சம்பளமில்லா விடுப்போ லீனோ கிடைக்குமா? அம்மாவிடம் எப்போது பேசப் போகிறாய்? முதல் கேள்விக்கு இரண்டு என்றாள். இரண்டாவதை விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். மூன்றாவதற்கு, "நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வாங்கக்கா, சேந்து பேசலாம்" என்றாள். வரும் ஞாயிறு போகிறேன்.