புழுங்கல் அரிசியும் பெரிபெரியும்: ஒரு முடிவை எப்போ நம்பலாம்?

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

1. போன மாசம் ஓபி-ல ஒரத்தநாடு பக்கத்து விவசாயி ஒருத்தர். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் 280. "சோத்தைக் குறைங்க ஐயா"ன்னேன். "எங்கப்பா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாரு டாக்டர். எண்பத்தஞ்சு வயசு வரைக்கும் வயல்ல நின்னாரு. எங்க தெருவே அப்படித்தான்"னு சொன்னார்.

2. அவர் சொன்னதைச் சிரிச்சுத் தள்ள முடியாது. பார்த்த சில பேரை வச்சு எல்லாருக்கும் ஒரு விதி எடுக்கிறார். இதுக்குத் தொகுத்தறி முறைன்னு பேர். மருத்துவ ஆய்வுகளும் சர்வேக்களும் செய்யறது இதே வேலையைத்தான். எப்போ அந்த விதியை நம்பலாம்ங்கறதுதான் கேள்வி. அதைச் சொல்ல நம்ம அரிசியிலேயே ஒரு வரலாறு இருக்கு.

3. பெரிபெரி. கால் மரத்துப் போகும், தசை சூம்பும், நடக்க முடியாது. இன்னொரு வகையில உடம்பு முழுக்க நீர் கோத்து இதயம் நின்னுடும். 19-ஆம் நூற்றாண்டு கடைசியில மிஷின் ரைஸ்மில் பரவினப்போ ஆசியாவோட சிறைகள், சுரங்கங்கள், பட்டாளங்கள்ல ஆயிரக்கணக்குல செத்தாங்க. கிருமியா, மண்ணா, இனமா, சாப்பாடா? யாருக்கும் தெரியல.

4. ஜாவாவுல எய்க்மன்ங்கற டச்சு மருத்துவர், தீட்டின வெள்ளரிசி தின்ன கோழிகளுக்குக் கால் விழுந்துபோறதைக் கவனிச்சார். கோழிக்கு நடந்தா மனுஷனுக்கும் நடக்குமா? அவரோட நண்பர் வோர்டர்மன் 101 சிறைகள்ல சர்வே எடுத்தார். வெள்ளரிசி போட்ட 51 சிறைகள்ல 36-ல பெரிபெரி இருந்துச்சு. தவிடு நீக்காத அரிசி போட்ட 37-ல ஒண்ணே ஒண்ணுலதான்.

5. இப்போ மலாயாவுக்கு வருவோம். தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்கள்ல இருந்து நாகப்பட்டினத்துல கப்பலேறிப் பினாங்கு போன நம்ம ஜனங்க தோட்டங்கள்ல வேலை பார்த்தாங்க. ஈயச் சுரங்கங்கள்ல சீனத் தொழிலாளர்கள். ரெண்டு பேருக்கும் சோறுதான் சாப்பாடு. சீனர்கள் பெரிபெரியில கொத்துக் கொத்தா விழுந்தாங்க. தமிழர்களுக்கு அது ரொம்ப அபூர்வம்.

6. பிராடன்ங்கற மருத்துவர் வருஷக்கணக்கா இதைக் கவனிச்சு 1907-ல புத்தகமே போட்டார். சீனர் சாப்பிட்டது சயாம் பச்சரிசி. தமிழர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. வித்தியாசம் இங்கதான்னார்.

7. நிறுத்துங்க. இங்கதான் நாம கேள்வி கேக்கணும். தமிழருக்கும் சீனருக்கும் அரிசி மட்டுமா வேற? இனம் வேற, வேலை வேற, தங்குற இடம் வேற, கூட சாப்பிடற கறி, குழம்பு வேற. எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்தாலும் இந்த முடிச்சு தானா அவிழாது. எண்ணிக்கை கூடுறதால மட்டும் ஒரு முடிவு உறுதியாகிடாது.

8. அவிழ்த்தவர் ஃபிளெட்சர். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்துல, 1905 டிசம்பர்ல, நோயாளிகளை வரிசையா நிக்க வச்சு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினார். ஒற்றைப்படைக்காரங்களுக்குப் பச்சரிசி, இரட்டைப்படைக்காரங்களுக்குப் புழுங்கல். மத்த சாப்பாடு எல்லாம் ஒண்ணே. யார் எந்தப் பக்கம் போறதுன்னு இனமோ, வேலையோ, டாக்டரோட விருப்பமோ தீர்மானிக்கல. நடுவுல ரெண்டு கூட்டத்தையும் வார்டு மாத்திப் போட்டார். கட்டடம்தான் காரணம்னா நோயும் இடம் மாறியிருக்கணும். மாறல.

9. ஒரு வருஷக் கணக்கு: பச்சரிசி சாப்பிட்ட 120 பேர்ல 34 பேருக்குப் புதுசா பெரிபெரி, 18 பேர் சாவு. புழுங்கல் சாப்பிட்ட 123 பேர்ல ரெண்டே பேர், அவங்களும் வரும்போதே நோயோட வந்தவங்க. சாவு இல்ல.

10. இதை வேகமாகக் கடந்து போக எனக்கு மனசு வரல. அந்த 18 பேரும் மனநோயாளிகள். யாரும் அவங்ககிட்ட சம்மதம் கேக்கல. நோய் ஒரு பக்கமே ஏறுதுன்னு தெரிஞ்சப்புறமும் சோதனை ஓடிச்சு. இன்னிக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. நாம தெரிஞ்சுக்கிட்ட விஷயத்துக்கு அவங்க குடுத்த விலை அது.

11. அடுத்து ஃப்ரேசரும் ஸ்டான்டனும். காட்டுக்குள்ள ரோடு போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்கள். வேற இனம், வேற இடம், அதே கேள்வி, அதே பதில். அரிசியை மாத்தினா நோயும் அதோடயே மாறிச்சு. 1909-ல வெளியிட்டாங்க.

12. இதுல ஒரு வேடிக்கை. அரிசிதான்னு சரியாச் சொன்ன பிராடன், காரணத்தைத் தப்பாச் சொன்னார். பழைய பச்சரிசியில ஏதோ விஷம்னு நினைச்சார். எய்க்மனும் மாவுச்சத்துல நச்சுன்னுதான் நினைச்சார். அரிசியில எதுவும் கூடல, எதோ குறையுதுன்னு 1901-லேயே சொன்னவர் கிரைன்ஸ். அந்தச் சத்தை 1926-ல ஜான்செனும் டோனத்தும் பிரிச்செடுத்தாங்க. தயமின், அதாவது வைட்டமின் பி1. எது எதோட சேர்ந்து வருதுன்னு காட்டறது ஒரு படி, ஏன்னு விளக்கறது இன்னொரு படி. முதல் படி சரியா இருந்தும் ரெண்டாவதுல சறுக்கலாம்.

13. ஏன் புழுங்கல்? நம்ம வீடுகள்ல நெல்லை ஊறப்போட்டு அவிச்சுக் களத்துல காயப்போடுவாங்க இல்லையா, அப்போ உமிக்குள்ள இருக்கிற தவிட்டோட பி1 தண்ணியில கரைஞ்சு அரிசிக்குள்ள இறங்கிடும். அப்புறம் மில்லுல தீட்டினாலும், அரிசியைக் கழுவினாலும் முழுசா போகாது.

14. பழைய சென்னை மாகாணத்துலயே இதுக்குச் சாட்சி இருக்கு. தீட்டின பச்சரிசி சாப்பிட்ட வட சர்க்கார் ஜில்லாக்கள்ல, அதாவது இன்னிக்கு ஆந்திரக் கடலோரத்துல, பெரிபெரி நிரந்தரமா குடியிருந்துச்சு. புழுங்கல் சாப்பிட்ட தஞ்சாவூர் பக்கம் அரிது. குன்னூர்ல மெக்கேரிசனும், பின்னாடி அய்க்ராய்டும் இதை ஆராஞ்சாங்க.

15. "டெல்டாவுலயும் பச்சரிசி வீடுகள் இருந்துச்சே?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. அந்த வீடுகள்ல பருப்பும் பாலும் தயிரும் இலையில விழுந்துச்சு. பி1 வேற வழியில வந்துடும். விதிவிலக்கு மாதிரி தெரிஞ்சது, உள்ள போய்ப் பார்த்தா அதே விதிதான்.

16. இப்போ நம்ம ஐயாவுக்கு வருவோம். அவர் அப்பா சோறு சாப்பிட்டார், சரி. ஆனா ஏர் ஓட்டினார், நாத்து சுமந்தார், வரப்பு வெட்டினார். அவருக்கு சுகர் யாரும் பார்த்ததே இல்ல, அதனால "இல்ல"ன்னு சொல்ல முடியாது. அம்பது வயசுலயே போன பக்கத்து வீட்டுக்காரர் இந்தக் கணக்குலயே வரல. கண்ணுக்குத் தெரியறது தப்பிச்சவங்க மட்டும்தான்.

17. எங்க டாக்டர் கூட்டத்துக்கும் இது பொருந்தும். "சோறு அதிகம் சாப்பிடறவங்களுக்கு சுகர் அதிகம்"னு ஒரே நேரத்துல எடுத்த சர்வே சொன்னா, அது வோர்டர்மன் சிறைக் கணக்கு மாதிரி. வலுவான சந்தேகம், அவ்வளவுதான். அவங்க உடலுழைப்பு என்ன, கூட என்ன சாப்பிடறாங்க, எது முன்னாடி வந்துச்சுன்னு கேக்கணும். "புழுங்கல் பெரிபெரியைத் தடுத்துச்சு, அப்போ சுகருக்கும் நல்லது, அள்ளிப் போடலாம்"ங்கறதும் அதே தாவல்தான். அது பதில் சொன்ன கேள்வி வேற.

18. அதனால ஐயாகிட்ட வாதாடல. ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். மாத்திரை அதே மாத்திரை. ஒற்றைப்படைத் தேதியில வழக்கமான சோறு. இரட்டைப்படையில பாதிச் சோறு, மிச்சத்துக்குக் கீரையும் சுண்டலும். ரெண்டு நாளும் ரெண்டு மணி நேரம் கழிச்சு மகனோட மிஷின்ல பார்த்து எழுதுங்கன்னேன்.

19. நேத்து நோட்டோட வந்தார். நான் பக்கத்தைப் புரட்டறதுக்குள்ள அவரே சொன்னார்: "இரட்டைப்படையில எல்லாம் கம்மியாத்தான் இருக்கு டாக்டர். ஆனா அந்த சுண்டல்தான் தினம் முடியல. பாசிப்பயறு போட்டுக்கலாமா?"

போட்டுக்கலாம் ஐயா.