உப்பும் கண்ணும்

1344ஆம் ஆண்டில் புத்தளத்துக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் கண்ட முத்துக்களைப் பற்றி எழுதிவைத்தார். பின்வந்தவர்கள் இக்கரையின் உப்பைப் பற்றி எழுதினர். 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கரை முழுவதும் ஒல்லாந்தக் கம்பனியின் கைக்குப் போயிற்று. கண்டி நாட்டாரின் உப்பு அந்நியன் தயவில் நின்றது. அடுத்து வந்த பிரித்தானியரோ உப்பை அரசின் ஏகபோகமாக்கி வருமானம் கண்டனர். உப்பு வாரியவர் எந்த வயதில் பார்வை இழந்தார் என்பதை மட்டும் அந்த ஏடுகளில் தேடிப் பயனில்லை.

பாலாவி உப்பளங்களில் மேலே சூரியன் காய்கிறது. கீழே வெண்பாத்தி அவ்வொளியைக் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. கற்பிட்டிக் களப்பில் வலை வீசுவோருக்கு நீர்ப்பரப்பு அதையே செய்கிறது. கண்மணிக்குப் பின்னுள்ள வில்லையின் புரதங்கள் வயது ஏற ஏறத் திரிந்து கலங்குவதே கண்புரை. முதுமை அதன் முதற் காரணம். புறஊதாக் கதிரும் புகையிலையும் நீரிழிவும் அதை விரைவுபடுத்துகின்றன. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 கடற்றொழிலாளரை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட முடிவு, புறஊதாக் கதிர் மிகுதியாகப் பட்ட கண்களில் ஒருவகைப் புரை மிகுந்திருந்ததைக் காட்டிற்று. அகன்ற விளிம்புத் தொப்பியும் அக்கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் போதிய காப்பு. உப்பளத்தில் இவற்றை வாங்கித் தரவேண்டியவர் யார் என்பது வைத்தியக் கேள்வி அன்று.

“வயது போனால் கண் மங்கத்தானே செய்யும்” என்று நம் வீடுகளில் சமாதானம் சொல்கிறோம். ஆனால் மருத்துவம் அப்படிக் கைகட்டி நின்றதில்லை. கலங்கிய வில்லையை ஊசியால் விலக்கும் முறையைச் சுசுருதர் சொன்னார். பிரெஞ்சு வைத்தியர் ஜாக் தாவியேல் 1747இல் அதை வெளியே எடுத்தார். மேற்சொன்ன உப்புக்கரை ஒப்பந்தத்துக்கு 19 ஆண்டுகள் முந்திய செய்தி இது.

வில்லை அகன்ற கண்ணுக்குத் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி வேண்டும். அதன் வழியே பொருள்கள் ஏறத்தாழக் கால்பங்கு பெரிதாகத் தெரியும், ஓரங்கள் மறையும். ஒடுங்கிய பாத்தி வரப்பில் சுமையோடு நடப்பவருக்கு அது என்ன பார்வை! போர் விமானங்களின் கூரை நொறுங்கி விமானிகளின் கண்ணுள் பாய்ந்த பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளைக் கண் பகைக்கவில்லை என்று கவனித்த ஹரோல்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29இல் லண்டனில் அப்பொருளால் ஆன வில்லையைக் கண்ணுக்குள்ளேயே வைத்தார். சக வைத்தியர் பலர் அவரை நெடுங்காலம் ஏசினர்.

கண்டுபிடிப்பு வேறு, அது ஏழைக்கு எட்டுவது வேறு. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிய விரல்களாலேயே அறுவை செய்தவர். 1992இல் அந்நிறுவனம் தன் ஆரோலாப் ஆலையில் வில்லை செய்யத் தொடங்கியது. நூறு டாலர் அளவில் விற்ற பொருள் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. ரிட்லிக்கும் இதற்கும் இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தும் இல்லை. கடைகளில் அப்படிச் சொல்லி விற்பதை நம்பலாகாது. ஆயினும் கிழவருக்கு ஒருநாட் கூலி போகும். துணைக்குச் செல்லும் மகளுக்கும் போகும். பிறகு சில வாரங்கள் குனிந்து பாரம் தூக்கலாகாது. அவ்வாரங்களுக்கு அவ்வீட்டில் அடுப்பு எதைக்கொண்டு எரியும்?