பெல் கிராண்ட்

அமெரிக்காவில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்க அந்நாட்டு மைய அரசு தரும் உதவித்தொகை. இங்கே ‘பெல்’ மணியைக் குறிக்கவில்லை. அது ஒருவரின் பெயர். ரோட் ஐலண்ட் மாநிலத்திலிருந்து 1961 முதல் 1997 வரை செனட்டராக இருந்த கிளெய்போர்ன் பெல், பெரும் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பணமில்லாததால் எவர் படிப்பும் நின்றுவிடக் கூடாது என்று அவர் போராடியதன் பலனாக, 1972இல் ‘அடிப்படைக் கல்வி வாய்ப்பு உதவித்தொகை’ சட்டமானது. 1980இல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

‘கிராண்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். வேர், ‘நம்பு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. ‘கிரெடிட்’டும் அதே வேரில் பிறந்ததுதான். ஆனால் நடைமுறையில் இரண்டும் எதிரெதிர்: கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும், இதைப் பொதுவாகக் கட்ட வேண்டியதில்லை.

பணம் கல்லூரிக்கென ஒதுக்கப்படுவதில்லை. மாணவர் எங்கே சேர்கிறாரோ அங்கே அவரோடு போகிறது. இத்திட்டத்தின் உயிர்நாடி இதுவே என்பேன். கல்லூரி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு, மீதி இருந்தால் மாணவர் கையில் தரும். புத்தகத்துக்கும் அறை வாடகைக்கும் அது ஆகும்.

2024–25 கல்வியாண்டில் உச்சத் தொகை 7,395 டாலர். எழுபதுகளின் நடுவில் அரசுப் பல்கலைக்கழகச் செலவில் முக்கால் பங்கை அன்றைய உச்சத் தொகை தாங்கியது. இன்று மூன்றில் ஒரு பங்கைத் தாங்குவதே அரிது. மிச்சத்துக்குப் பலர் கடன்தான் வாங்குகிறார்கள்.